தண்டுவடம் அடிபட்டவர் வீட்டில் இருந்தால்: வீட்டாருக்கு ஓர் அரிச்சுவடி

"எப்போ டாக்டர் நடப்பான்?"

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு ஒருவர் படுத்துவிட்டால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓட்டினால், கேட்டே ஆகவேண்டிய வேறு மூன்று கேள்விகள் விட்டுப்போகும். தோல் எப்படி இருக்கிறது? சிறுநீர் எப்படிப் போகிறது? மலம் எப்படிப் போகிறது? கேட்கவே கூச்சமான இந்த மூன்றும்தான், பத்து வருடம் கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

நான் மருத்துவர் இல்லை. சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தென்னை மரத்திலிருந்து விழுந்தார். அதன் பிறகு வீடே சேர்ந்து கற்றுக்கொண்டதையும் தேடிப் படித்ததையும் முதல்முறை இதைச் சந்திப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன ஆகியிருக்கிறது

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒட்டிப்போனவை. இவற்றின் நடுவே ஓடும் குழாய்க்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புத் தொகுதிதான் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். இடுப்பின் முதல் எலும்புக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். கை காலை அசைப்பது, தொட்டால் தெரிவது, சிறுநீரை அடக்குவது, வியர்ப்பது என்று எல்லாச் செய்தியும் இதன் வழியாகத்தான் போய் வருகிறது.

எலும்பு உடைந்தாலும் தண்டுவடம் தப்பியிருக்கலாம். எலும்பு பெரிதாக உடையாமலேயே தண்டுவடம் நசுங்கியும் இருக்கலாம். பிளேட், ஸ்க்ரூ போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை எலும்பை நிலைநிறுத்தும், தண்டுவடத்தின்மேல் இருக்கும் அழுத்தத்தை எடுக்கும். நசுங்கிய நரம்பை அது ஒட்டவைக்காது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது" என்று மருத்துவர் சொல்வதற்கும் "கால் வந்துவிடும்" என்று நாம் புரிந்துகொள்வதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

அடுத்து, எந்த இடத்தில் அடி என்பது. மருத்துவச் சீட்டில் சி5, டி8, எல்1 என்று எழுதியிருப்பார்கள். சி என்றால் கழுத்து, டி நெஞ்சு, எல் இடுப்பு. மேலே போகப் போக பாதிப்பு அதிகம். நெஞ்சிலும் அதற்குக் கீழும் அடி என்றால் கைகள் முழுசாக வேலை செய்யும். கழுத்தில் அடி என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் வாழ்க்கையே மாறும். சி5 வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம். சி6 இருந்தால் மணிக்கட்டைத் தூக்கலாம். சி7 இருந்தால் முழங்கையை நீட்டலாம். நீட்ட முடிந்தவர் கையை ஊன்றித் தன் உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து வீல்சேருக்குப் போய்விட முடியும். ஓர் எண் தள்ளி, அவ்வளவுதான்.

சி6 அளவில் அடிபட்டவர்களின் வீட்டாருக்கு ஒரு தனிக் குறிப்பு. மணிக்கட்டை மேலே தூக்கினால் அவர்களுடைய விரல்கள் தானாகவே கொஞ்சம் மடங்கும். அந்தச் சின்ன மடக்கத்தை வைத்தே டம்ளர் பிடிக்கவும் கரண்டி பிடிக்கவும் பழகிவிடுவார்கள். பாசத்தில் யாராவது தினமும் எண்ணெய் போட்டு, மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரல்களை இழுத்து இழுத்து நேராக்கினால் அந்தப் பிடிப்பு போய்விடும். விரல் பயிற்சியைக் கையைப் பார்க்கும் தெரபிஸ்ட் சொல்லித்தந்த மாதிரி மட்டும் செய்யுங்கள்.

முழுமையான பாதிப்பா, பகுதிப் பாதிப்பா என்பது இன்னொரு கேள்வி. இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்ப்பார். அடி முதுகில்தானே, அங்கே எதற்கு என்று வீட்டார் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் இடம் அது. அங்கே தொடுவது தெரிந்தாலோ, சுருக்க முடிந்தாலோ, ஏதோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். பகுதிப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மீட்சி வரும் வாய்ப்பு நிச்சயமாக அதிகம். விபத்து நடந்த புதிதில் தண்டுவடமே அதிர்ச்சியில் ஓய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் யார் உறுதியாக எதைச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேளுங்கள். திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வரும். பிறகும் வரலாம், மெதுவாக.

இந்த இடைவெளியில்தான் ஸ்டெம் செல் ஊசி, மூலிகைக் கட்டு என்று ஆட்கள் வருவார்கள். ஸ்டெம் செல் போட்டுத் தண்டுவடம் சரியாகும் என்பது இன்றுவரை நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நிலத்தை விற்று அங்கே கொட்டும் பணத்தில் ஒரு நல்ல வீல்சேர், ஒரு நல்ல மெத்தை, ஒரு சாய்தளம், ஒரு பாத்ரூம் எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

கால் துடிக்கிறதே, சரியாகிறதா?

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் போர்வையை எடுத்தபோது அண்ணனின் வலது கால் வெடுக்கென்று மடங்கி, நடுங்கி, திரும்ப நீண்டது. சித்தி உடனே பூஜை அறைக்கு ஓடினார். ஊரெல்லாம் போன். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து அமைதியாகச் சொன்னார்: "அவரை அசைக்கச் சொல்லுங்க, பார்ப்போம்." அசையவில்லை.

தெருவில் மெயின் லைன் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் ஒயரிங் அப்படியே இருப்பது போல, அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடமும் நரம்பும் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையின் கட்டுப்பாடு மட்டும் இல்லை. அதனால் போர்வை உரசினாலும் காற்று பட்டாலும் தசை தானாக இறுகித் துடிக்கும். இதை ஸ்பாஸம் என்பார்கள். துடிப்பு வந்ததாலேயே குணமாகிறது என்றும் இல்லை, மோசமாகிறது என்றும் இல்லை. அவர் நினைத்தபோது அசைகிறதா என்பதுதான் சோதனை. ஆனால் வழக்கமாக லேசாக இருந்த துடிப்பு திடீரென்று கூடினால் கவனியுங்கள். வலி தெரியாத உடம்பு கொடுக்கும் புகார் அது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கோ ஒரு புண், நகம் சதைக்குள் வளர்ந்திருப்பது என்று ஏதோ ஒன்று கீழே நடந்துகொண்டிருக்கும்.

தோல்

1940-கள் வரை தண்டுவடம் அடிபட்டால் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ மரணம் என்பதுதான் நிலை. கொன்றது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்காக ஒரு பிரிவு தொடங்கினார். இரவு பகலாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வைத்தார், சிறுநீரைச் சுத்தமாக எடுக்க வைத்தார். ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை அவர் சும்மா படுக்கவும் விடவில்லை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வீல்சேரில் உட்கார்ந்தபடி வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்தது.

சாதாரணமாக நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வலிக்கும், அறியாமலேயே நகர்ந்துகொள்வோம். இவர்களுக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிய தோலுக்கு ரத்தம் போகாமல் சதை செத்துப்போகும். சில மணி நேரத்தில் ஆரம்பிக்கும் புண் ஆற மாதக்கணக்காகும். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்தான். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்தின் பாரத்தை இறக்க வேண்டும். ஒரு நொடி தூக்கிவிட்டு வைப்பது போதாது, 2 நிமிடமாவது ரத்தம் ஓட வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

காலையும் இரவும் தோலைப் பார்க்க வேண்டும். வால் எலும்புப் பகுதி, பிட்டத்தின் உட்காரும் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை. ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் சிவந்திருக்கிறதா பாருங்கள் என்றுதான் எழுதியிருக்கின்றன. நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறத்திலோ ஓர் இடம் தெரிந்தால், புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, அமுக்கினால் கட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தில் இனி ஒரு கிலோ பாரம்கூட விழக்கூடாது, சரியாகும் வரை. தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சதை இன்னும் கிழியும். காற்றடைத்த டியூப் வளையத்தை வைத்து உட்கார வைப்பதும் வேண்டாம், வளையத்தின் ஓரம் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். தோல் கிழிந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவர்.

கைகள் நன்றாக இருப்பவர் என்றால் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, தன் முதுகைத் தானே பார்க்கச் சொல்லுங்கள். முடியாதவருக்கு போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். அவருடைய தோல், அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இன்னொன்று, பத்தியம். புண் ஆற வேண்டும் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தும் வீடுகள் ஏராளம். புண் ஆறத் தேவையானதே புரதம்தான். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எதையும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு.

சிறுநீர்

சிறுநீர்ப் பை நிரம்பியது தெரியாது, தெரிந்தாலும் திறக்க முடியாது. நிரம்பி வழிந்தால் அழுத்தம் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனையில் நிரந்தரக் குழாய் போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு பை தொங்கும். வீட்டுக்கு வந்த பிறகு பலருக்கு ஏற்றது வேறு முறை: 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீரை வடித்துவிட்டு, உடனே எடுத்துவிடுவது. ஒரு தடவைக்கு 500 மி.லி.க்கு மேல் சேரவிடக் கூடாது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-இல் இந்த முறையைப் பரப்பியபோது பலர் நம்பவில்லை. ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும், சிறுநீர்ப் பை முழுசாகக் காலியாவதுதான் முக்கியம் என்றார். கை உள்ளவர் தானே செய்துகொள்ளலாம். வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், தொங்கும் பை இல்லை.

நிரந்தரக் குழாய்தான் என்றால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பையை மடியில் வைப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போகும். குழாய் மடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. சில நேரம் அவரே வீட்டாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ரகசியமாகக் குறைத்துக்கொள்வார். நாள் முழுக்கச் சீராகக் குடித்து, இரவு படுக்கும் முன் மட்டும் குறைக்கலாம்.

சிறுநீர்த் தொற்று வந்தால் எரிச்சல் தெரியாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், துடிப்பு கூடுவது, கலங்கல், புது நாற்றம் இவைதான் அடையாளம். வெறும் கலங்கலுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். உண்மையிலேயே தேவைப்படும்போது எந்த மருந்தும் வேலை செய்யாமல் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரக ஸ்கேன் எடுங்கள்.

மலம்

இதைப் பேசாமல் எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. வீட்டில் உண்மையான சண்டையும் அழுகையும் இதில்தான்.

குடலை நேரத்துக்குப் பழக்க முடியும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். சூடாக ஏதாவது குடித்து, சாப்பிட்டு அரை மணி நேரத்தில் குடல் தானாக அசையும், அப்போது கமோடு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ, கையுறை போட்டு ஜெல் தடவிய விரலால் மெதுவாகச் சுற்றித் தூண்டுவதோ தேவைப்படலாம். முதுகின் அடிப்பகுதியில் அடி என்றால் தூண்டினாலும் குடல் பதில் சொல்லாது, விரலால் எடுத்துவிட வேண்டும். எது உங்களுக்கு என்பதை நர்ஸ் காட்டித் தருவார், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே செய்து பழகுங்கள். முதல் சில வாரங்கள் நேரம் தவறும், துணி கெடும். பிறகு உடம்பு பழகிவிடும்.

யார் செய்வது என்பதை அவரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு மகள் செய்வதைவிட மச்சான் செய்வது மேல் என்று அவர் நினைக்கலாம். சம்பளத்துக்கு வரும் ஆள் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மனைவி மனைவியாகவே இருக்கட்டும் என்பது அதன் பொருள். அந்த விருப்பத்துக்குக் கட்டுப்படுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

டி6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, அதாவது கழுத்து, மேல் நெஞ்சு, ஓர் ஆபத்து உண்டு. கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, பெரும்பாலும் குழாய் அடைத்துச் சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கும். செய்தி மூளைக்குப் போகாது, ஆனால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகம் கழுத்தெல்லாம் வியர்வை, மூக்கடைப்பு, மயிர்க்கூச்சம். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசியலாம்.

படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கப் போடுங்கள். பெல்ட், இறுக்கமான துணி, காலுறை எல்லாம் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் சிறுநீரை வடியுங்கள். பிறகு மலம், பிறகு தோல். குறையவில்லை என்றால் 108. இவர்களின் வழக்கமான ரத்த அழுத்தத்தில் மேல் எண் 100-ஐ ஒட்டி, சிலருக்கு 90 என்றுகூட இருக்கும். அதனால் 140 என்பது டியூட்டி டாக்டருக்குச் சாதாரணமாகத் தெரியும், இவருக்கு அது ஆபத்து. வழக்கமான அளவையும் இந்த ஆபத்தைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து வீல்சேர் பையில் வைத்துவிடுங்கள்.

முதல் 3 மாதங்களில் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவவே கூடாது, உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போகும். திடீர் மூச்சுத்திணறல் என்றாலும் 108தான்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. ஒத்தடப் பை, மடியில் வைத்த சாம்பார் பாத்திரம், பைக் சைலன்சர், வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரை. உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோவது அப்புறம்தான் தெரியும். குளிக்கும் தண்ணீரை உங்கள் முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் கத்திரி வெயிலில் உடம்பு கொதிக்கும். ஈரத் துண்டும் மின்விசிறியும் பக்கத்தில் இருக்கட்டும்.

தொட்டால் தெரியாத காலில் எரிகிறது, குத்துகிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். நரம்பு வலி அப்படித்தான், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

வீடு

நம் வீடுகளில் தடை வாசலில் அல்ல, பாத்ரூமில். கதவு இரண்டடி, உள்ளே ஒரு படி இறக்கம். வீல்சேர் நுழைய 32 அங்குலமாவது வேண்டும். வாசல் சாய்தளத்துக்குக் கணக்கு 1-க்கு 12: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டால், அவர் தானே ஏற முடியாது, எப்போதும் யாராவது தள்ள வேண்டும்.

வீல்சேரும் அளவு பார்த்து வாங்க வேண்டிய பொருள். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் மடக்கு நாற்காலி நோயாளியைத் தள்ளிப்போகச் செய்தது, ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து தானே ஓட்டச் செய்ததில்லை. ஐஐடி மெட்ராஸில் உருவான நியோஃப்ளை போல உடல் அளவுக்குச் சரிசெய்யும் வீல்சேர்கள் இப்போது இங்கேயே கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் குஷன் இல்லாமல் வாங்காதீர்கள்.

எதைச் செய்வது, எதை விடுவது

அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில் சித்தி சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அவருக்கு அடி நெஞ்சில், கைகளுக்கு ஒன்றுமில்லை. "என் கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஒருநாள் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டில் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல கோபம்தான் அது.

உதவுவது என்பது அவர் முடியாததைச் செய்வது. முடிந்ததை, இரண்டு மடங்கு நேரம் ஆனாலும், அவரே செய்ய வேண்டும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவருக்கும் இது பொருந்தும். எப்போது திருப்ப வேண்டும், எந்தச் சட்டை, குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்லி நாம் செய்தால், அவர் தன் உடம்பை நடத்துகிறார். சொல்லாமலே நாம் செய்தால் அவர் ஒரு வேலையாகிவிடுகிறார். ஏடிஎம் கார்டு, போன், பிள்ளையின் பள்ளிக்கூடம், நிலக் குத்தகை எதையும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

"அடுத்த தைக்குள்ள நடந்துடுவ" என்று சொல்லாதீர்கள். தை வரும். "தெரியல, பார்ப்போம், நான் இருக்கேன்" போதும். அவர் கோபப்படுவார், பேசாமல் இருப்பார், சில நாள் அழுவார், இதெல்லாம் நடக்கும். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் போய், இருந்து என்ன பயன் என்று பேச ஆரம்பித்தால் அதையும் ஒரு நோயாகப் பார்த்து மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்பவர்களும் கூப்பிடலாம். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் தாம்பத்தியம், குழந்தை பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். பெண்களுக்குப் பெரும்பாலும் கருத்தரிப்பதில் தடை இல்லை. ஆண்களுக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம், வழிகள் உண்டு. பெரியவர்கள் அறையை விட்டு எழுந்து போய்விட்டால் இந்தப் பேச்சு சுலபமாக நடக்கும்.

பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே பெண் தலையில் விழுகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிவிட்டு ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைப்பவர் எத்தனை மாதம் தாங்குவார்? "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் உறவினர்களிடம் ஏதாவது என்பதை நீங்களே பிரித்துக் கொடுங்கள்: சனிக்கிழமை இரவு நீ, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது மாமா.

காகிதங்களும் மனிதர்களும்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் யுடிஐடி என்ற அடையாள அட்டையையும் வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ரயிலில் அவருக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சாலை விபத்து என்றால் இழப்பீட்டு வழக்குக்கு 6 மாதக் கெடு என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது, வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். எதிர்கால மருத்துவச் செலவையும் உடனிருந்து பார்க்கும் ஆளின் கூலியையும் சேர்த்துக் கேட்கலாம். அரசு வேலையில் இருப்பவர் என்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு நம்மிடம் நல்ல இடங்கள் உண்டு. வேலூர் சிஎம்சி-யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை செய்து ஊக்கம் கொடுத்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரை வைத்து 1981-இல் ஆரம்பித்தார்.

அங்கே போக முடியாவிட்டாலும் உங்கள் ஊர்ப் பக்கத்தில் பத்துப் பதினைந்து வருடமாக வீல்சேரில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் சொல்வார். கரண்ட் போன இரவில் என்ன செய்வார், பஸ்ஸில் எப்படி ஏறுவார், குழாய் எந்தக் கடையில் மலிவு, கல்யாண மண்டபத்தில் அவசரம் வந்தால் எங்கே போவார் என்பதெல்லாம் எந்த டாக்டருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் தாமதமாகவே வாருங்கள்.